சாவியை யாரிடம் விட்டுப் போனாள்?

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

காலையில் பால் பாக்கெட் வாங்கப் போன இடத்தில் எதிர்வீட்டு மாலதி அக்கா பிடித்துக்கொண்டார். "இன்னுமா முடியல உன் பிஎச்டி? யாரு அது, ஜெர்மனி யூதப் பொம்பளைங்களா? முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்களுக்கும் நம்ம கடலூர் செம்மண்டலத்துக்கும் என்னா சம்பந்தம்?"

எட்டு வருடமாக இதே கேள்வி. கல்யாண வீடு, காதுகுத்து, துக்க வீடு, எங்கே போனாலும் இதே. இனிமேல் பதிலை நோட்டீஸ் அடித்து வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

சம்பந்தம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பவளம் கொண்டுவந்து கொடுத்து வைரம் வாங்கிப் போக யூத வியாபாரிகள் சென்னை வரைக்கும் வந்தார்கள். நான் அவர்களைப் படிக்கத்தான் போனேன். படிக்கப் போன இடத்தில் அவர்கள் ஊரில் விட்டு வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முத்தைத் தரம் பிரித்தவர்கள், சந்தைக்கு வண்டி ஏறிப் போனவர்கள், ஒரு டஜன் பிள்ளை பெற்றுக்கொண்டே கடையையும் நடத்தியவர்கள். என்னால் விட்டுவிட்டு வர முடியவில்லை. இதைக் கையில் பால் பாக்கெட் சொட்டிக்கொண்டிருக்கும்போது எப்படி விளக்குவது?

செப்டம்பர் 30 கடைசி நாள். இனி நீட்டிப்பு கிடையாது. அன்றைக்கு ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. கல்லூரி வேலையை விட்டது, எட்டு வருடம் படித்தது, எல்லாம் போச்சு. நான்காம் அத்தியாயம் இன்னும் பாக்கி.

7 ஆகஸ்ட், வியாழன்

நான்காம் அத்தியாயம்தான் என் செல்லம். மற்ற மூன்றும் மற்றவர்கள் சொன்னதைத் தொகுத்தது. இது நானே கண்டுபிடித்தது.

ஒரு படத்தில் தொடங்கியது. ஜெர்மனியில் ஒரு அருங்காட்சியகத்தின் பட்டியலில், யூத வியாபாரக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் இடுப்புப் பட்டை. அதன் கொக்கியே ஒரு சாவி. ஒட்டியாணத்துக்கு நடுவில் சாவி வைத்தது மாதிரி. பார்த்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. என் மாமியார் கொளஞ்சியம்மாளைப் பதினேழு வருடமாகப் பார்க்கிறவளுக்குப் புரியாதா?

காடாம்புலியூர் வீட்டுக்குப் பின்னால் எங்கள் முந்திரி குடோன். அதன் சாவி அத்தையின் இடுப்பில் வெள்ளிக் கொக்கியில் தொங்கும். நான் கல்யாணமாகி வந்த அன்று ஆரத்தியைவிட முதலில் பார்த்தது அந்தச் சாவியைத்தான். அது குலுங்கும் சத்தம் கேட்டால் பருப்பு உடைக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். மாமா வைத்திலிங்கம் இருந்த காலத்திலேயே அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவர் போன பிறகு கேட்கவே வேண்டாம். சாவி யார் இடுப்பிலோ, வியாபாரம் அவர் கையில்.

அதைத்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்கள் சாவியை நகையாக அணிந்தது தங்கள் அதிகாரத்தை ஊர் பார்க்கக் காட்டுவதற்கு. அத்தியாயத்தின் தலைப்பு: 'இடுப்பில் அதிகாரம்'. நல்ல தலைப்பு.

13 ஆகஸ்ட், புதன்

அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன், கடலூரில். உடம்பில் இரும்பு, வெள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதும் அத்தை இடுப்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். முக்கால் மணி நேரம் பேச்சு வார்த்தை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கொக்கியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"எழிலு, கீழ வைக்காத. கைமாத்தாத. ஒரு மாசத்துக்கு நீதான்."

ஒரு மாசம்! டாக்டர் தூசி ஆகாது என்றிருக்கிறார். அதனால் அத்தை செம்மண்டலத்தில் எங்களோடு. சாவி என்னோடு. சொந்தக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். "மருமவ கைக்குச் சாவி வந்துடுச்சு" என்று ஒரு சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், வேறு காரணத்துக்கு.

14 ஆகஸ்ட், வியாழன்

ஐந்தே முக்காலுக்கு நெல்லிக்குப்பம் வழியாகப் போகும் பண்ருட்டி பஸ். பண்ருட்டியில் இறங்கி காடாம்புலியூருக்கு இன்னொரு பஸ். எட்டு மணிக்கு முன்னால் குடோனைத் திறக்க வேண்டும். பதினோரு பெண்கள் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு தயாராக நிற்பார்கள். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டால் கை வெந்துவிடும். மாலை ஐந்தரைக்குப் பூட்ட வேண்டும். நடுவில் வீட்டுக்கு வந்து போக நேரமில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். பருப்பு டின் அடுக்கின் மேல் வைத்துத் திறந்தேன். விசைப்பலகையெல்லாம் முந்திரித் தூள்.

18 ஆகஸ்ட், திங்கள்

பஸ். குடோன். பஸ். ஒரு வரி எழுதவில்லை.

22 ஆகஸ்ட், வெள்ளி

அன்பரசுவிடம் கேட்டேன். என் வீட்டுக்காரர், அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியார். வாரத்தில் இரண்டு நாளாவது நீங்கள் போய்த் திறக்கக் கூடாதா, பைக்கில் ஒரு மணி நேரம்தானே?

"எனக்கு ஸ்கூல் இருக்குல்ல."

சனிக்கிழமை?

"அது பொம்பளைங்க சாவி எழிலு. எங்கப்பாவே தொட்டது இல்ல. நான் எடுத்தா அம்மா ஒரு மாதிரி நெனப்பாங்க."

பொம்பளைங்க சாவியாம். பூட்டுக்கு ஆண் பெண் தெரியுமா? இந்த மனுஷன் தினமும் நாற்பது பிள்ளைகளுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறார்.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. குடோன் லீவு. கொழுக்கட்டையை அன்பரசு தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். நான்காம் அத்தியாயம் முடிந்தது! பிரிசில்லா மேடத்துக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். என் நெறியாளர். அடுத்த புதன்கிழமை சிதம்பரத்துக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

அத்தை கறுப்புக் கண்ணாடியோடு சோபாவில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒரு தடவை கேட்கிறார்: "சாவி இருக்குதா?" இருக்கிறது அத்தை. எங்கேயும் ஓடிவிடவில்லை.

3 செப்டம்பர், புதன்

இன்றைக்கு நடந்ததை எந்த வரிசையில் எழுதுவது?

ஒன்பதே காலுக்கு புதுச்சத்திரம் தாண்டி பஸ் போய்க்கொண்டிருக்கும்போது ராஜாமணி அக்கா போன். குடோனில் பருப்பைத் தரம் பிரிப்பவர். பத்தொன்பது வருடமாக எங்களிடம் இருக்கிறார். "டீச்சரம்மா, எங்க இருக்கீங்க? எட்டு மணிலேந்து வெளியில நிக்கறோம்."

பையைத் தடவினேன். சாவி.

சிதம்பரம் போகும் அவசரத்தில் குடோன் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனேன். முந்தின நாள் அன்பரசுவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி. திரும்பிப் போனால் மேடத்தைப் பார்க்க முடியாது, அவர் நாளை முதல் பத்து நாள் வெளியூர். பதினோரு பெண்கள் வெயிலில். நான் என்ன செய்தேன்? சிதம்பரத்துக்கே போனேன். "எல்லாரும் வீட்டுக்குப் போங்கக்கா, இன்னைக்குக் கூலி உண்டு" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மேடம் அத்தியாயத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். சிவப்பு மை கொஞ்சம்தான். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

"எழிலரசி, இந்தச் சாவிப் பட்டையை அவங்க எந்தக் கிழமையில போட்டாங்க?"

விசேஷ நாளில், மேடம். அவர்கள் ஓய்வுநாளான சனிக்கிழமையில்.

"ஏன் ஓய்வுநாள்ல மட்டும்?"

ஊர் கூடும் நாள், எல்லாரும் பார்ப்பார்கள்...

"எங்க சர்ச்சுல சண்டே ஸ்கூல் போற அஞ்சாங்கிளாஸ் பிள்ளையக் கேட்டா சொல்லும். ஓய்வுநாள்ல சுமை தூக்கக் கூடாது. வீட்டுக்கு வெளிய ஒரு சாவியக்கூடக் கையில எடுத்துட்டுப் போகக் கூடாது. அதனால சாவிய உடுப்புல ஒரு பாகமா ஆக்கிட்டாங்க. உடுத்தினா அது சுமை இல்ல. அதிகாரத்தைக் காட்ட இல்லம்மா. வேற வழி இல்லாம."

அப்புறம் பக்கத்தைப் புரட்டி என் இரண்டாம் அத்தியாயத்தின் அடிக்குறிப்பைக் காட்டினார். ஓய்வுநாளில் பொருள் சுமப்பதற்குத் தடை. நானே எழுதியது. என் எழுத்து. என் அடிக்குறிப்பு.

"உனக்கு யாரு சொன்னா, இடுப்புச் சாவின்னா அதிகாரம்னு?"

எங்கள் அத்தை, மேடம் என்று சொல்லவா முடியும்? இருபத்தேழு நாள் இருக்கிறது. அத்தியாயம் காலி.

4 செப்டம்பர், வியாழன்

எல்லாம் என் நேரம். எட்டு வருஷம் படிச்சி கடைசில மாமியார் இடுப்பப் பாத்து தீசிஸ் எழுதியிருக்கேன். வேற எவளாச்சும் இந்தத் தப்பப் பண்ணுவாளா? ஜெர்மன்காரி பண்ணுவாளா? அவ போய் நேரா ஆளுங்களக் கேட்டிருப்பா.

அத்தை பேசுவதை நிறுத்தவே இல்லை. "முப்பத்தியொரு வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அந்தக் கதவு தொறக்காம இருந்ததில்ல." நேற்றிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். பஸ்ஸைப் பிடித்துப் போய்த் திறந்தேன். ஒரு பெண்ணும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

6 செப்டம்பர், சனி

மாலையில் அத்தைக்குக் கண் மருந்து விட்டேன். தலையைச் சாய்த்து, கண்ணை மேலே வைத்து, அசையாமல் இருக்க வேண்டிய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் அவர் திட்ட முடியாது என்ற தைரியத்தில் கேட்டேன். ஏன் அத்தை, அந்தச் சாவியை இடுப்பில் போட்டுக்கொண்டு நடக்கும்போது உங்களுக்குப் பெருமையாக இருக்குமில்லையா?

"பெருமையா?" கண்ணைத் திறந்துவிட்டார். மருந்து கன்னத்தில் ஓடியது. "எந்தக் கிறுக்கி சொன்னா? உம் மாமனாரு மூணு வாட்டி சாவியத் தொலச்சாரு. மூணாவது வாட்டி வெள்ளிக் கொக்கி பண்ணியாந்து, இனிமே இது உன் ஒடம்போட இருக்கட்டும்னு மாட்டிவுட்டாரு. அவ்ளோதான்."

அப்புறம் நிறுத்தவில்லை. தங்கை கல்யாணத்துக்குப் போய் முகூர்த்தம் முடிவதற்குள் திரும்பினாராம், லாரி வருகிறது என்று. அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. திருவந்திபுரம் பெருமாள் கோயில் இங்கேதான் இருக்கிறது. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமைக்குப் போனதில்லை, சனிக்கிழமை குடோன் உண்டு. மாமா கொட்டை வாங்க கொல்லம் போனார், மங்களூர் போனார், கோவாவே பார்த்தார்.

"அவரு சட்டப்பையில ஒரு சாவி இருந்து நீ பாத்துருக்கியா? கைய வீசிக்கிட்டுப் போவாரு. நாங் கெடந்தேன் கட்டிப்போட்டாப்பல."

அப்படியென்றால் ஏன் எனக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"வேற யாருகிட்ட குடுக்கறது?" என்றார், நிஜமாகவே புரியாதவர் மாதிரி.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் ஒரு நிமிடத்தில் மாமா மேல் போய், அப்புறம் என் மேலேயே வந்து நின்றது. பதினேழு வருடம் பார்த்தேன். ஒரு நாள் கேட்கவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

பஸ்ஸில் நின்றுகொண்டே இதை யோசித்தேன். நான் படிக்கும் விதவைகளில் சிலர் சந்தைக்கு நேரில் போயிருக்கிறார்கள். லைப்சிக் நகரத்துச் சந்தைக்குப் போய் வர வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி எங்கே இருந்தன? கூடவே எடுத்துப் போயிருந்தால் வீட்டில் யாரும் ஒன்றையும் திறந்திருக்க முடியாது. அப்படியென்றால் யாரிடமோ விட்டுத்தான் போயிருக்கிறாள். மகளிடமா, வேலைக்காரியிடமா, கூட்டாளியிடமா? சாவி வைத்திருந்தவளை இத்தனை நாள் தேடினேன். தேட வேண்டியது, அதைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பியவளை.

ஆதாரமெல்லாம் கையிலேயே இருக்கிறது, புதிதாக எதுவும் தேட வேண்டாம். இருக்கிற குறிப்புகளை இந்தக் கேள்வியோடு திரும்பப் படித்தால் போதும். ஆனால் எப்போது படிப்பது? காலையில் பஸ், மாலையில் பஸ். சாவி என் இடுப்பில்.

11 செப்டம்பர், வியாழன்

மஞ்சக்குப்பத்தில் சாவி வெட்டுபவரிடம் போனேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது பழைய திண்டுக்கல் பூட்டு சாவிம்மா. இதுக்கு டூப்ளிகேட் போட ஆளில்ல. பூட்டையே மாத்துங்க."

மாற்றுகிறேன்.

12 செப்டம்பர், வெள்ளி

பண்ருட்டியில் புதுப் பூட்டு வாங்கினேன். நான்கு சாவி. அத்தையிடம் கேட்கவில்லை. கேட்டால் நடக்காது.

ஒன்றை ராஜாமணி அக்காவிடம் நீட்டினேன். இரண்டு அடி பின்னால் போய்விட்டார். "எனக்கு வேணாம் டீச்சரம்மா."

ஏன்?

"ஒரு டின்னு கொறஞ்சா யாரு மேல விழும்? இன்னைக்கு வரைக்கும் என்னைய ஒருத்தரு ஒரு வார்த்த கேட்டதில்ல. ஏன் தெரியுமா? எங்கிட்ட சாவி இல்ல."

நான் பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் போயிருந்தேன். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை, சாவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, மறுபடியும் வந்தேன். பெண்கள் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். சாவி நாலு. எனக்கு ஒன்று, என் வீட்டுக்காரருக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. மாலையில் பூட்டும்போது இரண்டு பேர் சேர்ந்து டின்னைப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். ஏதாவது குறைந்தால் முதலில் கேட்கப்படும் ஆள் நான்தான். மூன்றாம் தேதி உங்களை வெயிலில் நிற்கவைத்தவளும் நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ராஜாமணி அக்கா பருப்பைத் தரம் பிரித்துக்கொண்டே இருந்தார். முழுசு ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம். "வச்சிட்டுப் போங்க, பாக்கலாம்" என்றார்.

13 செப்டம்பர், சனி

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் ஒரு விஷயம் போகும் வேகத்துக்கு என் ஆய்வேடு போனால் போன வருடமே முடிந்திருக்கும்.

"நாலு சாவி போட்டா அதுக்குப் பேரு பூட்டா? சந்தியில தொறந்து போட்டுட்டு வா."

பழைய சாவியைக் கேட்டு வாங்கி, வெள்ளிக் கொக்கியில் மாட்டி, இடுப்பில் செருகிக்கொண்டார். அது திறக்கும் பூட்டு குடோன் அலமாரியில் சும்மா கிடக்கிறது. கண் மருந்தை இனி மகன் விட்டால் போதுமாம்.

16 செப்டம்பர், செவ்வாய்

அத்தை நான்காவது நாளாகப் பேசவில்லை. பதினான்கு பக்கம் எழுதிவிட்டேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் பாவம்.

20 செப்டம்பர், சனி

காலையில் மழை. அன்பரசு பைக்கை வெளியே எடுத்தார். எங்கே என்றேன். "குடோனுக்கு. ராஜாமணி அக்கா பொண்ணுக்குக் காச்சலாம்." அவ்வளவுதான், கிளம்பிவிட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொம்பளைங்க சாவி என்னாச்சு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை, நல்லவேளை.

முதல் புரட்டாசிச் சனிக்கிழமை. அத்தையிடம் திருவந்திபுரம் போகலாமா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

23 செப்டம்பர், செவ்வாய்

திருத்தி அனுப்பிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு மேடம் போன். "இப்பதான் இது உன் அத்தியாயம். ஒண்ணு மட்டும் சேத்துடு. முதல்ல நீ எப்படித் தப்பா படிச்சே, ஏன் அப்படிப் படிச்சேன்னு ரெண்டு பக்கம். மறைக்காத."

ஆக, எங்கள் அத்தை பல்கலைக்கழகம் வரைக்கும் போகப் போகிறார். பெயர் போடவில்லை, 'காடாம்புலியூரைச் சேர்ந்த முந்திரி வியாபாரி ஒருவர்' என்று எழுதினேன். முதலில் 'வியாபாரியின் மனைவி' என்று விரல் தானாக அடித்தது. அழித்துவிட்டு எழுதினேன்.

30 செப்டம்பர், செவ்வாய்

மூன்று ஐம்பதுக்குச் சிதம்பரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். ஒரு படிவம் குறைந்தது, அதற்கு ஜெராக்ஸ் கடைக்கு ஓட்டம். ஒரு புகைப்படம் குறைந்தது, அதற்கு இன்னொரு ஓட்டம். செருப்பு வார் அறுந்து, காலை இழுத்துக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டேன். வாங்கியவர் தலைப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஜெர்மனி யூதப் பெண்களா? நீங்க எந்த ஊரு?"

கடலூர் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் விளக்கவில்லை.

ஊர் திரும்பும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டியபோதுதான் நினைவு வந்தது: காலையிலிருந்து குடோனிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. எல்லாரும் காடாம்புலியூரில். உடைக்கும் மிஷின், தராசு, டின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அத்தை பழைய சாவியைக் கொக்கியோடு கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். பொட்டு வைத்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல், "மத்த நாலும் எங்க? அதுக்கு மட்டும் பூஜ வேணாமா?" என்றார்.

நானும் அன்பரசும் ராஜாமணி அக்காவும் எடுத்து வைத்தோம். நான்காவது, அவருடையது, பதினெட்டு நாளாக என் பையிலேயே கிடந்தது. அதையும் வைத்தேன்.

4 அக்டோபர், சனி

திருவந்திபுரம். என்ன கூட்டம்! கெடிலம் பாலத்திலேயே பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அத்தை இரண்டு கையையும் வீசிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். "மெதுவா போங்க அத்தை" என்றால் காதில் வாங்கவில்லை. வேண்டுதலுக்கு உப்பும் மிளகும் வாங்கித் தீர்த்தத்தில் போட்டார். தரிசனத்துக்கு மூன்று மணி நேரம். எல்லாப் பக்கமும் மொட்டை போட்ட குழந்தைகளின் அழுகை. எனக்குக் கால் வலி, கழுத்தெல்லாம் வியர்வை, முன்னால் நின்ற மனிதரின் முழங்கை என் விலாவில். அத்தை வரிசையில் இருந்த எல்லாரிடமும் இது தனக்கு முதல் புரட்டாசிச் சனிக்கிழமை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மதியம் வீட்டுக்கு வந்து மோர் குடித்த பிறகுதான் கேட்டார். "இன்னைக்குக் குடோன யாரு தொறந்தா?"

தெரியவில்லை அத்தை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.